1,076 கிலோமீட்டர் கடல், கால் நனைக்க இடமில்லை

கத்திரி வெயில் தொடங்கும் முன்பே சுற்றுலா விளம்பரம் தொடங்கிவிடும். நீலக் கடல். வெள்ளை மணல். ஒரு கணவன், ஒரு மனைவி, பலூன் பிடித்த ஒரு குழந்தை. மணலில் ஒரு பிளாஸ்டிக் டம்ளர் கிடையாது. ஒரு நாய் கிடையாது. ‘இங்கே குளிக்காதே’ என்று ஒரு பலகை கிடையாது. அந்தக் கடற்கரை எந்த ஊரில் இருக்கிறது என்று மட்டும் விளம்பரத்தில் போட மாட்டார்கள். போட்டால் நாம் நேரில் போய்ப் பார்த்துவிடுவோமே என்ற பயம்.

தமிழ்நாட்டின் கடற்கரை 1,076 கிலோமீட்டர். பள்ளிப் பாடப் புத்தகத்திலும் இந்த எண் வரும், அமைச்சர் உரையிலும் வரும். சொல்லும்போதே அவர்களுக்கு நெஞ்சு நிமிரும், ஏதோ கடலை டெண்டர் விட்டு வெட்டியது போல. இவ்வளவு நீளக் கரையில் ஒரு நடுத்தரக் குடும்பம் கேட்பது என்ன? முட்டியளவு சுத்தமான தண்ணீர். நிழலுக்கு ஒரு மரம். பெண்கள் உடை மாற்ற ஓர் அறை. அந்த அறைக்கு ஒரு கதவு. அந்தக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள்.

பாதிக் கடற்கரைகள் தாழ்ப்பாளிலேயே தோற்றுவிடும். இருந்தாலும் தேடுவோம். வரி கட்டியிருக்கிறோம்.

மெரினாவில் தொடங்குவதுதான் மரபு. உலகின் இரண்டாவது நீளமான கடற்கரை என்று மனப்பாடம் செய்து வளர்ந்தவர்கள் நாம். பிரேசிலில் காசினோ கடற்கரை 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. பக்கத்தில் இருக்கும் வங்கதேசத்தில் காக்ஸ் பஜார் 120 கிலோமீட்டர் என்கிறார்கள். மெரினாவை எந்தப் பக்கம் பிடித்து இழுத்தாலும் 13-ஐத் தாண்டாது. இரண்டாம் இடத்தை நமக்கு யாரும் தரவில்லை, நாமே எடுத்துக்கொண்டோம். முதல் இடத்தை எடுக்காமல் விட்டது நம் தன்னடக்கம்.

அந்த மெரினாவில் குளிக்கத் தடை. ஒரு முனையில் கூவம், மறுமுனைப் பக்கம் அடையாறு. நகரம் தலைமுழுகிய தண்ணீரெல்லாம் இந்த இரண்டு வாயிலும்தான் கடலுக்குப் போகிறது. அலை இழுத்துக்கொள்ளும், இறங்காதே என்று போலீஸ் மைக்கில் கத்துகிறது. அலைக்குத் தப்பியவரைத் தோல் மருத்துவர் பார்த்துக்கொள்வார். இதே மெரினாவுக்குத்தான் ‘நீலக்கொடி’ வாங்கக் கிளம்பினார்கள். மூங்கில் குடை நட்டார்கள், சாய்வு நாற்காலி போட்டார்கள். அந்தக் கொடியின் அடிப்படைத் தகுதியே குளிக்கத் தக்க தண்ணீர். குளிக்கக் கூடாத இடத்துக்குக் குளியல் சான்றிதழ் கேட்கும் துணிச்சல் வேறு எந்த நகரத்துக்கு வரும்?

உயிரோடு இருப்பவர்களுக்கு இங்கே சிரமம்தான். மற்றவர்களுக்கு இடம் உண்டு. 1969-இல் அண்ணா, 1987-இல் எம்.ஜி.ஆர்., 2016-இல் ஜெயலலிதா, 2018-இல் கருணாநிதி. தலைவர்கள் மீது மரியாதை இல்லாமல் இதைச் சொல்லவில்லை. அவர்கள் பெயரில் கான்கிரீட் கொட்டியவர்களைத்தான் சொல்கிறேன். 2018 ஆகஸ்ட்டில் மெரினாவில் அடக்கம் செய்யலாமா கூடாதா என்ற வழக்கை உயர் நீதிமன்றம் இரவோடு இரவாக எடுத்து, மறுநாள் காலையில் தீர்ப்பே சொல்லிவிட்டது. நம் நாட்டில் நீதி விரைந்து கிடைக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். கூவத்துக்கு அப்படி ஒரு ராத்திரி வாய்க்கவில்லை. கூவம் இன்னும் சாகவில்லை என்பது காரணமாக இருக்கலாம். தவறான காரணம். அது செத்துப் பல காலம் ஆகிறது.

பிறகு கருணாநிதியின் நினைவாகப் பேனா வந்தது. கடலுக்குள் 360 மீட்டர் தள்ளி, 134 அடி உயரத்தில், 81 கோடி ரூபாயில் ஒரு பேனா. மாநிலம் கேட்டது. மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் நிபந்தனைகளோடு 2023-இல் அனுமதி கொடுத்தது. நிதி முதல் நீட் வரை எதிலும் ஒத்துப்போகாத இரண்டு அரசுகள், கடலில் கான்கிரீட் நட்டுவைக்கும் விஷயத்தில் கைகுலுக்கிக்கொண்டன. கூட்டாட்சித் தத்துவம் கடலுக்கடியில் உயிரோடு இருக்கிறது. பிறகு எதிர்ப்பு, வழக்கு, மௌனம். பேனா முளைக்கவில்லை. ஆனால் யோசனை தோன்றிய அந்தத் தலைகளை நினைத்துப் பாருங்கள். கரையில் கழிப்பறைக் குழாய்க்குத் தண்ணீர் கொண்டுவர முடியாதவர்கள், கடலுக்கு நடுவே நிற்கும் பேனாவுக்கு மின்விளக்கு போடத் தயாராக இருந்தார்கள்.

சிரித்தது போதும். 2024 அக்டோபர் 6-க்கு வருவோம். விமானப்படையின் சாகசம். இடம் மெரினா. நேரம் காலை 11 மணி முதல் பகல் 1 மணி வரை, வெட்டவெளி மணலில், உச்சி வெயிலில். லிம்கா சாதனைப் புத்தகத்தில் இடம்பிடிக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே பெருமை வேறு. மக்கள் வந்தார்கள். 15 லட்சம் என்று கணக்குச் சொன்னார்கள். குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார்கள். கிழவிகளைக் கைப்பிடித்துக் கூட்டி வந்தார்கள். இலவசக் காட்சி, ஞாயிற்றுக்கிழமை, கடற்கரை. ஏழைக்கு வேறென்ன விடுமுறை இருக்கிறது? தண்ணீர் இல்லை. நிழல் இல்லை. முடிந்த பிறகு வெளியேற வழி இல்லை. பறக்கும் ரயில் நிலையங்களில் மூச்சுமுட்ட நின்றார்கள். ஐந்து பேர் செத்தார்கள்.

குடையும் தண்ணீரும் கொண்டுவரச் சொல்லித்தான் இருந்தது என்று விளக்கம் வந்தது. ஆளும் தரப்பு ஏற்பாடு சரிதான் என்றது. எதிர்த்தரப்பு அறிக்கை விட்டது. கூட்டம் வரும் என்று தெரிந்துதானே சாதனைப் புத்தகத்தைக் கூப்பிட்டீர்கள்? அதே கூட்டத்துக்குத் தாகம் எடுக்கும் என்பது மட்டும் எப்படித் தெரியாமல் போனது? தலையை எண்ணத் தெரிந்தவர்களுக்குத் தொண்டையை எண்ணத் தெரியவில்லை.

சரி, மெரினா வேண்டாம். வடக்கே போவோம். போவதற்கு முன் ஒரு சங்கதி. நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். 1870-களில் ஆங்கிலேயர்கள் சென்னைத் துறைமுகத்துக்குக் கடலில் சுவர் கட்டத் தொடங்கினார்கள். மணல் சுவரில் முட்டித் தெற்கிலேயே தங்கியது. அந்தக் குவியல்தான் இன்றைய அகன்ற மெரினா. வடக்கே போக வேண்டிய மணல் போகவில்லை. ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் கடல் ஊருக்குள் வந்தது. தெரு தெருவாகத் தின்றது. தின்ற இடத்தில் நாம் பாறாங்கல்லைக் கொட்டினோம். ஆக, மெரினாவில் நாம் சுண்டல் தின்னும் மணல் வடசென்னையின் மணல். அவர்களுக்குக் கல், நமக்குக் கடற்கரை. வாடகைகூடக் கொடுத்ததில்லை.

அந்தக் கல்லைத் தாண்டினால் எண்ணூர். ஒரு பக்கம் அனல்மின் நிலையம், சாம்பல். ஒரு பக்கம் துறைமுகம். ஒரு பக்கம் சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை. நடுவில் ஒரு கழிமுகம், அதில் இறால் தடவிப் பிழைக்கும் மனிதர்கள். 2017 ஜனவரி 28-ஆம் தேதி இங்கே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய் கொட்டவில்லை என்றுதான் முதலில் சொன்னார்கள். கொட்டாத எண்ணெய் கரையெங்கும் வந்து ஒதுங்கியது. அள்ளுவதற்கு என்ன கொண்டுவந்தார்கள்? வாளி. பிளாஸ்டிக் வாளி. மீனவர்களும் மாணவர்களும் துப்புரவுத் தொழிலாளர்களும் வரிசையாக நின்று, கிணற்றில் சேந்துவது போல எண்ணெய்ச் சேற்றைக் கை மாற்றினார்கள். உலகம் முழுதும் படம் போய்ச் சேர்ந்தது. எண்ணெய்க் கசிவைச் சமாளிக்க நாட்டுக்கு ஒரு தேசியத் திட்டம் உண்டு. 1996 முதல் உண்டு. அதில் வாளி எந்தப் பக்கத்தில் வருகிறதோ.

பாடம் கற்றிருப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? 2023 டிசம்பர். மிக்ஜாம் புயல், வெள்ளம். மணலிப் பக்கமிருந்து எண்ணெய் கலந்த தண்ணீர் கொசஸ்தலை ஆற்றில் இறங்கியது. எங்கள் குழாயில் கசிவே இல்லை என்றது பொதுத்துறைச் சுத்திகரிப்பு ஆலை. அங்கிருந்துதான் வந்தது என்றது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். இவர்கள் பேசி முடிப்பதற்குள் வீட்டுச் சுவரில் இடுப்புயரத்துக்குக் கறுப்புக் கோடு. படகு கறுப்பு. வலை கறுப்பு. கூழைக்கடா கறுப்பு. அள்ளுவதற்கு இந்த முறை மக் கொடுத்தார்கள். வாளியிலிருந்து மக். ஏறக்குறைய ஏழு ஆண்டுகளில் நம் பேரிடர் மேலாண்மை அடைந்த முன்னேற்றம் இது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் நிலவின் தென்துருவத்துப் பக்கம் போய் இறங்கியவர்கள் நாம். டிசம்பரில் எண்ணூர் ஆற்றில் மக்கோடு இறங்கினோம். இரண்டு வேலையையும் செய்தது ஒரே தேசம் என்று சொன்னால் அயல்நாட்டுக்காரன் நம்ப மாட்டான்.

எண்ணெய் காய்வதற்குள், டிசம்பர் 26 நள்ளிரவில், பெரியகுப்பத்தில் கடலுக்கடியில் போகும் அமோனியாக் குழாய் கசிந்தது. தூக்கத்தில் மூச்சுத் திணறி எழுந்தவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். டிசம்பர் 26 என்ன தேதி என்று கடலோரத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2004-இல் கடல் துரத்தியது. 2023-இல் கம்பெனி துரத்தியது. கடலாவது அதற்குப் பிறகு தன் இடத்துக்குத் திரும்பிப் போனது.

எண்ணூரைச் சுற்றுலா விளம்பரத்தில் போட மாட்டார்கள். ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலையின் விடுதியில் ராத்திரி முழுதும் ஏசி ஓடுகிறதே, அந்த மின்சாரத்தின் சாம்பல் எங்கே கொட்டப்படுகிறது என்று ரசீதில் போட்டால் நன்றாக இருக்கும்.

அந்தச் சாலைக்கே வருவோம். ஈசிஆர். பெயரில் கடற்கரை இருக்கிறது. சாலையில் போனால் கடல் தெரியாது. தெரிவது சுவர். சுவருக்குப் பின்னால் இன்னொரு சுவர், கேட், கேமரா, ஒரு காவலாளி. முன்பொரு முறை மீனவர் குப்பத்து வழியாக இறங்கி, தண்ணீரோரமாக நடந்துகொண்டிருந்தேன். ஒரு விடுதிக்கு நேராக வந்ததும் விசில் சத்தம். நீலச் சட்டை, பெரிய இடத்துத் தொப்பி, சின்னச் சம்பளம். “சார், இது பிரைவேட் பீச்.” அலை அடிக்கும் இடம் யாருக்கும் பட்டா கிடையாதே தம்பி என்றேன். “தண்ணி பத்தித் தெரியாது சார். மணல் எங்க மேனேஜரோடது.” அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமில்லை. பக்கத்துக் குப்பத்துப் பிள்ளையாகத்தான் இருப்பான். அவன் அப்பா வலை காயப்போட்ட மணலிலிருந்து ஊராரை விரட்டும் வேலையை அவனுக்கே கொடுத்திருக்கிறார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991-இல் வந்தது. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுப்பாடு. கிராமப்புறக் கடலோரத்தில் முதல் 200 மீட்டரில் புதுக் கட்டடமே கூடாது. சுனாமி வந்தபோது இந்த 200 மீட்டர் நினைவுக்கு வந்தது. யாருக்கு? மீனவருக்கு. 200 மீட்டருக்கு அப்பால் போனால்தான் புது வீடு என்று அரசாணை போட்டார்கள். கடல் ஆபத்தானது, பாருங்கள். உங்கள் நன்மைக்குத்தான். போனவர்கள் போனார்கள். ஒரு வலையைத் தூக்கிக்கொண்டு அரை மைல் நடந்தார்கள். 2019-இல் அறிவிக்கையைப் புதுப்பித்தார்கள். மக்கள் நெருக்கமாக வாழும் கிராமப்புறக் கடலோரங்களில் 200 மீட்டர் 50 மீட்டரானது. மணலில் தற்காலிகச் சுற்றுலா வசதிகளுக்கு, அலைக் கோட்டிலிருந்து பத்து மீட்டர் விட்டால் போதும் என்றார்கள். மீனவருக்கு ஆபத்தான கடல் குடில் வாடகைக்கு எடுப்பவருக்கு ஆபத்தில்லை. சுனாமி ஆதார் அட்டை பார்த்துத்தான் வரும்போலிருக்கிறது.

இந்தச் சாலையில் சுத்தமான கடற்கரை இல்லையா என்றால் இருக்கிறது. கோவளம். 2021-இல் நீலக்கொடி கிடைத்தது. கொடுப்பது டென்மார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட அமைப்பு. கொடிக்கு உட்பட்ட துண்டு பளிச்சென்று இருக்கிறது, மறுக்கவில்லை. குப்பைத் தொட்டியில் குப்பை இருக்கிறது. ஆக, செய்ய முடியும் என்று தெரிகிறது. டென்மார்க்கிலிருந்து ஒருவர் வந்து பார்ப்பார் என்றால் செய்கிறோம். பக்கத்துத் தெருக்காரன் பார்த்தால் செய்ய மாட்டோம். தரங்கம்பாடியில் 1620-இல் வந்து கோட்டை கட்டி, 1845-இல் ஊரையே ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போன டேனிஷ்காரர்கள்! இன்று நம் மணல் சுத்தமா என்று அவர்கள் ஊரிலிருந்துதான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒப்பந்தத்தில் சில்லறை பாக்கி இருந்திருக்கும்.

2019 அக்டோபரில் சீன அதிபர் மாமல்லபுரம் வந்தபோது பிரதமர் காலையில் கடற்கரையில் குப்பை பொறுக்கியதும் நினைவிருக்கும். பல நாள் பெருக்கி, துடைத்து, பாதுகாப்புப் படை சலித்த மணல். அதில் அவருக்கு ஒரு பை நிறையக் குப்பை கிடைத்தது. ஒன்று, பெருக்கியவர்கள் சரியாகப் பெருக்கவில்லை. இல்லை, நம் கடற்கரைக் குப்பை தானே விளையும் ஜாதி. எப்படியானாலும் வீடியோ நன்றாக வந்தது. தினமும் அதே கரையில் அதே வேலையைச் செய்யும் பெண்களுக்கு யாரும் கேமரா பிடிப்பதில்லை. கையுறையே இருக்காது, கேமரா எங்கே?

இன்னும் தெற்கே புதுச்சேரி. அழகான கடற்கரைச் சாலை. கடற்கரைதான் இல்லை. 1980-களின் கடைசியில் துறைமுகம் கட்டினார்கள், மணல் வரத்து நின்றது, நகரத்துக் கரையைக் கடல் எடுத்துக்கொண்டது. மறுபடி கல். சென்னையில் நூறு ஆண்டுக்கு முன் நடந்ததை நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளிக் கல்லெழுத்தாகக் காப்பியடித்தார்கள். கல்லுக்கு ‘ராக் பீச்’ என்று பெயர் வைத்ததும் அதுவே சுற்றுலாத் தலமாயிற்று. 2018-இல் கடலுக்கடியில் இரும்புத் திட்டு இறக்கிக் கொஞ்சம் மணலைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். நல்ல வேலை. இலவசமாக வந்துகொண்டிருந்த மணலைக் கோடிகள் கொடுத்துக் கொஞ்சம் வாங்கியிருக்கிறோம்.

தனுஷ்கோடி? 1964 டிசம்பர்ப் புயலில் ஊரே போயிற்று, ரயிலும் போயிற்று. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அறிவித்தார்கள். 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை வந்தது. வாழத் தகுதியில்லாத இடம் வேன் நிறுத்தத் தகுதி பெற்றுவிட்டது.

கன்னியாகுமரிக்கு 2024 கோடையில் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள். மே கடைசி, பள்ளி விடுமுறை. பிரதமர் விவேகானந்தர் பாறையில் 45 மணி நேரம் தனிமையில் தியானம் செய்தார். தனிமைக்குக் காவலாக ஆயிரக்கணக்கில் போலீஸ். தனிமைக்குச் சாட்சியாகக் கேமரா. ரயிலேறி வந்த குடும்பங்கள் கரையில் நின்று, ஒருவர் கண்மூடியிருப்பதை இன்னொருவர் செல்போனில் பார்த்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் மாநில அரசு தன் பங்குக்குக் கண்ணாடிப் பாலம் திறந்தது. 77 மீட்டர், 37 கோடி. பாறைக்கும் வள்ளுவருக்கும் இடையே காலுக்கடியில் கடல் தெரியும். தெரியத்தான் செய்யும். தொட முடியாதபடி உயரத்திலிருந்து கடலைக் காட்டுவதுதானே இரண்டு அரசுகளுக்கும் பொதுவான சுற்றுலாக் கொள்கை.

அந்தத் தென்கோடிக் கரையில் இன்னொரு விசேஷம், மணலே காணாமல் போகும். நெல்லை, தூத்துக்குடி, குமரிக் கரைகளில் கார்னெட், இல்மனைட் தாதுமணல். தனியார் அள்ள 2013-இல் தடை போட்டார்கள். அதற்கு முன்னும் பின்னும் நடந்த கொள்ளையில் அரசுக்கு வர வேண்டிய 5,832 கோடி ரூபாய் போயிற்று என்ற கணக்கோடு, 2025 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது. பன்னிரண்டு ஆண்டு. இரண்டு கழக ஆட்சி. எந்தக் கலெக்டர் ஆபீஸ் ஜன்னலிலிருந்தும் லாரி தெரியவில்லை. இதே கரையில் இடிந்தகரை என்று ஓர் ஊர். அணு உலை வேண்டாம் என்று மணலில் உட்கார்ந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோக வழக்கு பாய்ந்தது. மணலில் உட்கார்ந்தால் துரோகம். மணலை அள்ளினால் தொழிலதிபர். கடற்கரைக்குப் போகும் பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசத்தைச் சொல்லி அனுப்புங்கள்.

எந்த ஊரைத் தேர்ந்தெடுத்தாலும் மதியம் மீன் கேட்பீர்கள். கடலோரத்தில் ‘ஃபிரெஷ் ஃபிஷ்’ சாப்பிடாமல் திரும்பினால் விடுமுறைக்கு அர்த்தமில்லை. ஆனால் நம் கோடை விடுமுறை மிகச் சரியாக மீன்பிடித் தடைக் காலத்தில் விழுகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கரையில் விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு கொண்டுவருவது கொஞ்சம். மீதித் தட்டில் இருப்பது மேற்குக் கரையிலிருந்து ஐஸில் படுத்து லாரியில் வந்த மீன். ‘இன்று காலை பிடித்தது’ என்று சர்வர் சொல்வது உண்மைதான், ஃபிரிட்ஜிலிருந்து.

இந்த 61 நாளுக்கு மீனவர் குடும்பத்துக்கு அரசு கொடுப்பது 8,000 ரூபாய். வகுத்துப் பார்த்தால் நாளுக்கு 131 ரூபாய். மீன் குஞ்சு பொரிக்க அவர்கள் வீட்டில் அடுப்பை அணைக்கிறார்கள். மீனுக்குத் தடைக் காலம் உண்டு. கழிவு நீர்க் குழாய்க்கு உண்டா? சாம்பல் தண்ணீருக்கு உண்டா? ஏப்ரல் 15 முதல் கடலில் எதையும் கொட்டக் கூடாது, மீன் முட்டையிடுகிறது என்று எந்த ஆலைக்காவது ஒரு தாக்கீது போயிருக்கிறதா?

2023 ஏப்ரலில் பட்டினப்பாக்கம் லூப் ரோட்டில் மீன்கடைகளை அகற்ற வந்தார்கள். சாலையை ஆக்கிரமித்து மீன் விற்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. காருக்கு வழியில்லை. நொச்சிக்குப்பத்துப் பெண்கள் மீனோடு நடுரோட்டில் உட்கார்ந்தார்கள். அவர்கள் மீன் விற்ற மணலில் சாலை போட்டது யார் என்பதை அந்தச் சாலையில் போன எந்தக் காரும் கேட்கவில்லை. பிறகு அவர்களுக்கு ஒரு புது மார்க்கெட் கட்டினார்கள். கூரை, மேடை, எல்லாம் உண்டு. காருக்கு வழியும் கிடைத்தது.

அந்த வழியாகத்தான் விடுமுறை முடிந்த ஞாயிற்றுக்கிழமை மாலை ஈசிஆரிலிருந்து நம்மவர் திரும்பி வருவார். விடுதியில் இரண்டு ராத்திரிக்குப் பில் நீட்டியபோது வரி எவ்வளவு, சேவைக் கட்டணம் எதற்கு என்று வாயே திறக்காதவர். கடலைப் பார்த்த அறைக்குத் தனிக் கட்டணம், கடல் யாருடையது என்று கேட்காமல் கொடுத்தவர். நொச்சிக்குப்பம் வந்ததும் கண்ணாடியை இறக்கி, மூக்கைப் பொத்திக்கொண்டு, வஞ்சிரம் என்ன விலை என்று கேட்பார். சொன்னதும் அவருக்குப் பொறுக்காது.

“என்னம்மா, கொள்ளையா இருக்கே! நூறு ரூபா குறைச்சுக்கோ.”